யானையைக் கண்டுபிடிக்க ஏஐ: தருமபுரியில் கேமரா வைத்தால் மட்டும் போதுமா?

2023 மார்ச் 7. தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விவசாய நிலம் ஒன்றில் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அதே மாதம் கம்பைநல்லூர் பக்கம் ஓர் ஆண் யானை, மேலே போன மின்கம்பியில் உரசி உயிரைவிட்டது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோவை மதுக்கரையிலிருந்து நல்ல செய்தி வந்தது. அங்கே 2008 முதல் 11 யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்திருந்தன. 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்கள், வெப்பத்தை உணரும் கேமராக்கள், 24 மணி நேரக் கட்டுப்பாட்டு அறை என ஒரு ஏஐ எச்சரிக்கை அமைப்பைத் தமிழக வனத்துறை நிறுவியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் உடனே தகவல் போகும், ரயில் வேகத்தைக் குறைக்கும்.

'அதையே இங்கேயும் கொண்டுவந்து வெச்சா என்ன?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு ஏஐ ஆராய்ச்சித் திட்டத்தை நடத்துபவர் முதலில் யோசிக்க வேண்டியது கேமராவைப் பற்றி அல்ல. எச்சரிக்கை வந்த அடுத்த ஐந்து நிமிடத்தில் யார் என்ன செய்வார் என்பதைப் பற்றி.

மதுக்கரையில் இதற்குப் பதில் தெளிவாக இருக்கிறது. ஆபத்து இருப்பது சில கிலோமீட்டர் தண்டவாளத்தில். செய்ய வேண்டியது ஒரே வேலை, ரயிலை மெதுவாக்குவது. அதைச் செய்யப்போகிறவர் லோகோ பைலட். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரந்திருக்கும் காவிரி தெற்கு வனஉயிரின சரணாலயம் மட்டும் சுமார் 686 சதுர கி.மீ. அதன் ஓரமெல்லாம் கேழ்வரகுக் காடும் தக்காளித் தோட்டமும்தான். யானை எந்த வரப்பில் இறங்கும் என்று சொல்ல முடியாது. இறங்கினால் போக வேண்டியவர் வனக்காவலரா, நிலத்துக்காரரா, மின்வாரிய ஊழியரா?

இன்னொன்றும் உண்டு. முறையான சூரிய மின்வேலி விட்டுவிட்டு ஒரு நொடிக்கும் குறைவான அதிர்ச்சியைத்தான் தரும்; யானை மிரண்டு விலகிவிடும். கம்பத்திலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டு இழுத்த வேலியில் மின்சாரம் நிற்காமல் ஓடும். தொட்டால் உயிர் போகும், அது மனித உயிராக இருந்தாலும். யானை வருவதை ஏஐ சரியாகச் சொன்னாலும், அந்தக் கம்பி அணையாது. ஆக, தருமபுரிக்குத் தேவையான ஆராய்ச்சி யானையைத் தேடுவதா, திருட்டு இணைப்பைத் தேடுவதா? இரவில் மட்டும் வழக்கத்துக்கு மாறாக மின்சாரம் எங்கே கசிகிறது என்று கணக்கெடுப்பதும் ஏஐ வேலைதான். மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கான விதிகளைத் தமிழக அரசு 2023-லேயே கொண்டுவந்துவிட்டதால், கண்டுபிடித்த பிறகு நடவடிக்கை எடுக்கவும் வழி இருக்கிறது. செலவும் குறைவாக இருக்கலாம். கேட்க அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது, அவ்வளவே.

99 சதவீதம் என்றால் என்ன?

சரி, யானையைத்தான் தேடுவது என்று முடிவானால், அடுத்து வருவது 'எங்கள் மென்பொருள் 99% துல்லியம்' என்ற வாக்குறுதி. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் கேமரா முன்னால் 1,000 அசைவுகள்: மாடு, காட்டுப்பன்றி, நாய், மனிதர். அதில் 5 மட்டும் யானை. மீதி 995-ல் ஒரு சதவீதம் தவறினாலே 10 பொய் எச்சரிக்கை. உண்மை 5, பொய் 10. மூன்றாவது ராத்திரி 'இதுவும் மாடாத்தான் இருக்கும்' என்று போனை ஓரமாக வைத்துவிடுவார்கள். அதனால் துல்லிய சதவீதத்தைவிட, ஓர் இரவுக்கு எத்தனை பொய் எச்சரிக்கையைக் களப்பணியாளர் பொறுப்பார் என்ற எண்ணைத்தான் திட்ட அறிக்கையில் முதலில் எழுத வேண்டும்.

இடம் மாறினால் கணக்கும் மாறும். ஓரிடத்துக் கேமராப் படங்களில் பழகிய ஏஐ, புதிய இடத்தில் வைத்ததும் தடுமாறுகிறது என்று 2018-லேயே அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். காரணம், அது விலங்கோடு சேர்த்துப் பின்னணியையும் மனப்பாடம் செய்துவிடுகிறது. மதுக்கரைப் படங்களில் தேறிய மென்பொருளை பாலக்கோட்டுப் படங்களில் மறுபடி சோதிக்காமல் வாங்கக் கூடாது. அந்தப் படங்களைச் சேர்க்கவும், 'இது யானை, இது எருமை' என்று ஆள் வைத்துக் குறிக்கவும் மாதக்கணக்கில் ஆகும். ஏஐ திட்டங்களில் நேரத்தையும் பணத்தையும் தின்பது பெரும்பாலும் இந்த வேலைதான். பட்ஜெட்டில் கடைசி வரியில் இருப்பதும் இதுதான்.

காலமும் முக்கியம். கேழ்வரகு முற்றும் பருவத்தில்தான் பன்னர்கட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் இறங்கும். நிதியாண்டுக் கணக்குப்படி ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிகிற சோதனை, அந்தப் பருவத்தையே பார்க்காமல் 'வெற்றி' என்று அறிக்கை கொடுத்துவிடும்.

வால்பாறையை இங்கே நினைக்கலாம். அங்கே ஏஐ வருவதற்கு முன்பே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் வனத்துறையும் சேர்ந்து, யானை நிற்கும் இடத்தை எஸ்.எம்.எஸ். மூலம் தொழிலாளர்களுக்குச் சொல்லின. மொபைலிலிருந்தே எரியவிடும் சிவப்பு விளக்குகளையும் வைத்தன. யானையைப் பார்த்தது மனிதக் கண், தகவல் போனது சாதாரண போனில். விளக்கை எரியவிடும் பொறுப்பை உள்ளூர் ஆட்களே ஏற்றார்கள். யானையால் ஏற்படும் மனித உயிரிழப்பு அங்கே குறைந்தது.

தருமபுரியில் ஏஐ வந்தால், ஒப்பந்தத்தில் சில வரிகளைத் தேடிப் பார்க்கலாம். மூன்றாம் ஆண்டு பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? படங்கள் வனத்துறைக்குச் சொந்தமா, நிறுவனத்துக்கா? கேழ்வரகு அறுவடை நேரத்தில் நள்ளிரவில் கேமரா நின்றுபோனால், எத்தனை மணி நேரத்துக்குள் யார் கோபுரம் ஏற வேண்டும்?