தாய்மையும் காசநோயும்: ஆராய்ச்சி ஏடுகள் கூறுவன

ஒரு நோயைப் பற்றி அறிஞர்கள் என்ன எழுதினார்கள் என்று அறிவது கல்வி. யாரைப் பற்றி எழுதாது விட்டார்கள் என்று அறிவதும் கல்வியேயாம். காசநோய் இதற்குத் தக்க சான்று.

இந்நோய் பற்றிய ஆராய்ச்சியில் நம் பகுதிக்குத் தனியிடம் உண்டு. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு நோய் தீரலாம் என்பதை 1959-இல் உலகுக்குக் காட்டிற்று. வேப்பம்பட்டை அடுத்த திருவள்ளூர் வட்டாரத்தில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசிப் பெருஞ்சோதனை தொடங்கிற்று. அதன் முதல் அறிக்கை 1979-இல் வெளிவந்தது. இவை, மக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட சோதனைகள். ஐயத்துக்கு இடம் குறைந்த முறை இதுவே.

கருவுற்ற தாய்மாரின் நிலை வேறு. சிசுவுக்குத் தீங்கு நேருமோ என்றஞ்சிப் புதிய மருந்துச் சோதனைகளில் அவர்களை விலக்குவது நெடுநாள் வழக்கம். நோக்கம் நல்லதே. ஆனால், வகுப்புக்கு வராத மாணவனின் பெயராவது வருகைப் பதிவேட்டில் இருக்கும். இங்கோ தாயின் பெயரே ஏறவில்லை. ஆகவே இத்துறைக் கட்டுரைகளிற் பல, ஓரிரு நோயாளரின் வரலாறுகளாகவும் மருத்துவமனைக் குறிப்புகளின் தொகுப்புகளாகவுமே அமைந்தன.

ஒப்பீடு சேர்ந்ததும் கட்டுரைகள் உறுதி பெற்றன. நுரையீரற் காசத்துடன் கருவுற்ற 79 பேரை, நோயற்ற 316 பேருடன் சண்டிகர் மருத்துவர்கள் ஒப்பிட்டு 1994-இல் எழுதினர். நோயுற்ற தாய்மாரிடத்தே எடை குறைந்த குழந்தைகள் ஏறத்தாழ இரு மடங்கு பிறந்தன. பிரசவத்துக்குப் பின் ஆறு மாதங்களில் நோய் தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பதைப் பிரிட்டனில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 2011-இல் உலகில் சுமார் 2,16,500 கருவுற்ற பெண்களுக்குக் காசநோய் இருந்ததென்று 2014-இல் ஒரு கட்டுரை மதிப்பிட்டது.

இறுதியாக, குலுக்கல் முறைச் சோதனையும் வந்தது. இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளில், எச்.ஐ.வி. தொற்றுள்ள 956 கருவுற்ற பெண்களிடம், காசநோய் வராமற் காக்கும் ஐசோனியசிட் மருந்து ஆராயப்பட்டது. முடிவு 2019-இல் வெளியாயிற்று. கருவுற்ற காலத்திலேயே மருந்துண்டோரிடையே கருச்சிதைவு, குறைப்பிரசவம் முதலிய தீய விளைவுகள் நூற்றுக்கு 23.6, பிரசவத்துக்குப் பின் உண்ணத் தொடங்கியோரிடையே 17. தாய்மாரை அழைத்துச் சோதித்ததால் அன்றோ இவ்வுண்மை வெளிப்பட்டது!

இது நோய் வருமுன் காக்கும் மருந்தைப் பற்றிய முடிவு என்பதை மறவாதீர்கள். நோய் வந்த தாய் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. தள்ளிப்போட்டால் இரண்டு உயிர்களுக்கும் கேடு. பிள்ளை பெற்றவளுக்கு இரு வாரம் இருமல் நீடித்தால், பேறுகாலத் தளர்ச்சி என்று வாளாவிராமல், சளியைச் சோதிக்கச் செய்தல் வேண்டும்.

இனி எந்த ஆராய்ச்சி ஏட்டைப் புரட்டினாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேரை ஆராய்ந்தனர்? யாரோடு ஒப்பிட்டனர்? யாரை விட்டுவிட்டனர்? மூன்றாம் கேள்வியைக் கேட்கும் மாணவர் பெருகினால், விடுபட்ட தாய்மாரின் பெயர்களும் பதிவேட்டில் ஏறும்.