பாரக் குறைவின் விலை

ஒரு பொருளின் பெறுமதியை அறிய, அதற்காக எத்தனை நாள் உழைக்க வேண்டுமென்று எண்ணிப் பார்த்தல் நலம். பிலிப்பைன்ஸ் தலைநகரப் பகுதியில் ஆகக்குறைந்த நாட்கூலி 2025 ஜூலையில் 695 பெசோவாக நிர்ணயிக்கப்பட்டது. பாரங் குறைந்த உயர்தர மடிக்கணினியொன்று 60,000 பெசோ என்று கொள்வோமாயின், அது 86 நாட் கூலியாகும். அவ்வளவு கொடுத்தல் தகுமா?

2022இல் வெளிவந்த மக்புக் எயார் 1.24 கிலோகிராம் நிறையுடையது. சாதாரணக் கணினிகள் பல ஏறக்குறைய 1.7 கிலோகிராம் உள்ளன. வேறுபாடு அரைக் கிலோகிராம் அளவே. மணிலாவில் ஜீப்னியிலும் நெரிசல் மிக்க ரயிலிலும் நாடோறும் கணினியைச் சுமந்து செல்வோருக்கு அந்த அரைக் கிலோகிராமும், நெடுநேரம் நிலைக்கும் மின்கலமும் மெய்யான உதவியாகும். வீட்டு மேசையிலிருந்தே தொழில் புரிவோருக்கோ அவற்றாற் பெரும்பயனில்லை.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. இத்தகைய மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருத்தலால், பின்னர் அதனைக் கூட்டுதல் இயலாது. ஆதலால், வேண்டிய அளவை வாங்கும்போதே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, டிசம்பர் 24இற்குள் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் அங்கு வழங்கப்படுகின்றது. பலர் இச்செலவுக்கு நம்புவது அதனையே. எனினும், ஆகக்குறைந்த கூலி பெறுவோருக்கு அது இவ்விலையின் மூன்றிலொரு பங்குக்கும் எட்டாது. எஞ்சியது கடனாகும், பிள்ளைகளின் கல்விச் செலவும் அதே வருவாயினின்றே செல்லவேண்டும்.

எனவே, கணினியைச் சுமந்து திரிந்து பொருளீட்டுவோர் வாங்கலாம். ஏனையோர் தோளின் பாரத்தைக் குறைக்க முற்பட்டுக் குடும்பத்தின் பாரத்தைக் கூட்டாதிருப்பதே அறிவுடைமை.