ரோஜாவும் தனியாவும்

ஒரே எடையில் ஒரு வளையலும் ஒரு சங்கிலியும் இருக்கின்றன. தராசு முள்ளை மட்டும் பார்த்து, எது வளையல், எது சங்கிலி என்று சொல்லிவிட முடியுமா?

ரசாயன உலகிலும் இந்தச் சங்கடம் உண்டு. ரோஜாவின் மணத்தில் பங்குள்ள ஜெரானியால், நம் அடுக்களைத் தனியாவுக்கு வாசனை தரும் லினலூல் - இரண்டிலுமே 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன் அணுக்கள். மூலக்கூறின் எடையும் ஒன்றே: 154. அணுக்களைக் கோத்த விதந்தான் வேறு. இத்தகைய ஜோடிகளை 'ஐசோமர்' என்பார்கள்.

மூலக்கூறுகளை எடை போடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இங்கே ஏமாந்து போகுமோ? போகாது! எலெக்ட்ரான்களால் மோதி மூலக்கூறை உடைத்து, துண்டுகளையும் அது நிறுத்துப் பார்த்துவிடுகிறது. எந்தக் கண்ணி பலவீனமோ அங்கேதானே சங்கிலி அறும்? ஜெரானியாலில் 69 எடையுள்ள துண்டு மிகுதி, லினலூலில் 71. குட்டு வெளிப்பட்டுவிடுகிறது!

ஆனால் இதற்கும் பிடிபடாத ஜோடி ஒன்று உண்டு. தனியாவின் லினலூலும் லாவெண்டர் பூவின் லினலூலும் பெரும்பாலும் வலக்கை, இடக்கை மாதிரி. உடைத்தாலும் துண்டுகள் ஒன்றே. தொழிற்சாலை லினலூலிலோ சாதாரணமாக இரண்டும் சரிபாதி. விலை உயர்ந்த லாவெண்டர் எண்ணெயில் அதைக் கலந்துவிட்டால்?

அதற்கும் வழி இருக்கிறது. வலது, இடது இரண்டையும் பிரிக்கும் விசேஷக் குழாய் வழியாக எண்ணெயை முதலில் ஆவியாகச் செலுத்துகிறார்கள். ஒன்று முந்தும், மற்றது பிந்தும். பிறகு கருவி அளவைச் சொல்ல, கலப்படம் அம்பலம்!