வெடிச் சத்தமா, இதயமா? வயசான வீட்டுப் பூனை திடீர்னு இறப்பது ஏன்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் வெடிச் சத்தத்துக்குத் தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால, வீட்டுக்குள்ளேயே வளர்ந்த 12 வயசுப் பூனை திடீர்னு செத்துட்டா, "சத்தத்துல பயந்து போயிருச்சு"ன்னு முடிச்சிடத் தோணும். ஆனா பெரும்பாலும் விஷயம் அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்.

முதல் சந்தேகம் இதயம். ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை தடித்துப்போற நோய். சுவர் தடிக்கத் தடிக்க, உள்ளே ரத்தம் நிரம்புற இடம் சுருங்கும். பிரிட்டன் காப்பகங்களில், பார்வைக்கு ஆரோக்கியமா இருந்த 780 பூனைகளைப் பற்றி 2015-ல் ஒரு ஆய்வு வெளியாச்சு. அதில் சுமார் 15 சதவீதத்துக்கு இந்த நோய் இருந்தது. வயசான பூனைகளில் இன்னும் அதிகம். இப்படி ஒரு இதயம் பயத்துல வேகமா துடிக்கும்போது தாளம் தப்பிடலாம். வெடி, கடைசியா விழுந்த அடி மட்டும்தான்.

இதே நோயில் இதயத்துக்குள்ள ரத்தம் கட்டி, பின்னங்கால்களுக்குப் போற குழாயை அடைக்கலாம். பூனை வலியில கத்தும், காலை இழுக்கும், பாதம் சில்லுனு இருக்கும். எங்கேயோ விழுந்துருச்சுன்னு எண்ணெய் தேய்ச்சு நேரம் கடத்தாதீங்க. உடனே டாக்டர்கிட்ட போகணும்.

நல்லா சாப்பிட்டும் எடை குறையுதா? தைராய்டைப் பாருங்க. தண்ணி நிறைய குடிக்குதா? சிறுநீரகம், சர்க்கரை ரெண்டையும் பாருங்க. தைராய்டும் சிறுநீரகமும் கெட்டா ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்குச் சுமை கூடும்.

சாப்பாடும் முக்கியம். பால்சோறு, தயிர்சோறு மட்டும் போட்டா டாரின் கிடைக்காது. அது மீன், இறைச்சியில்தான் இருக்கு. டாரின் குறைஞ்சா பூனை இதயம் பலவீனமாகும்னு 1987-லேயே கண்டுபிடிச்சாங்க. அப்புறம், காய்ச்சல்னு பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே உயிரை எடுக்கலாம்.

சரி, வீட்டுல என்ன செய்யலாம்? பூனை ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்கறதை ஒரு நிமிஷம் எண்ணுங்க. ஏறி இறங்கினா ஒண்ணு. 30-க்குள்ள இருந்தா சரி. திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினா மருத்துவரிடம் காட்டி, இதயத்துக்கு எக்கோ எடுக்கணுமான்னு கேளுங்க. நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினா, காத்திருக்காம அப்பவே கிளம்புங்க.

வெடி நேரத்துல ஜன்னலைச் சாத்தி, உள் ரூம்ல ஒளிய இடம் கொடுங்க. ஏற்கனவே பூனையை இழந்தவங்களுக்கு ஒண்ணு: பூனை தன் நோயை மறைக்கும். பல நேரம் டாக்டர் ஸ்டெத் வெச்சுப் பார்த்தாலும் தெரியாது. அதனால உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்க. இப்போ இருக்கிற பூனைக்கு, இன்னைக்கு ராத்திரி அந்த ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க.