வீட்டிலேயே கார் இன்ஜின் ஆயில் மாற்றப் போறீங்களா... இதையெல்லாம் கவனிங்க!

'இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? அடியில போல்ட்டைக் கழட்டினா பழைய ஆயில் இறங்கிடும். மேல புதுசை ஊத்தினா வேலை முடிஞ்சுது!' - காரின் வாரன்ட்டி முடிந்த வருடம், வீட்டில் இப்படிப் பெருமை பேசிவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

எல்லாம் முடித்து இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், அரை நிமிடத்தில் தரையெல்லாம் புது ஆயில்! ''ஐயோ, ஆஃப் பண்ணுங்க!'' என்று மனைவி கத்தியதால் இன்ஜின் பிழைத்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல், அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டியிருக்கிறேன். இதுவே நெடுஞ்சாலையில் நடந்திருந்தால், ஆயில் வற்றி இன்ஜினே ஜாம் ஆகியிருக்கும்.

ஆயில் மாற்றுவது எளிய வேலைதான். ஆனால், அவசரப்பட்டால் ஆபத்து.

எந்த ஆயில், எவ்வளவு?

கடைக்காரர் சொல்வதை அல்ல, காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். 5W-30, 0W-20 என்று கிரேடு குறிப்பிட்டிருக்கும். முதல் எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண், சூடான இன்ஜினில் அதன் பாகுத்தன்மையையும் குறிக்கும். சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சுமார் 3 லிட்டர் தேவைப்படும். சரியான அளவும் கையேட்டிலேயே இருக்கும். புது ஃபில்டரும், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும் வாங்கிவிடுங்கள்.

ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள்!

காரோடு வரும் ஜாக், டயர் மாற்ற மட்டும்தான். அதை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. செங்கல் அடுக்குவதும் வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால், இந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

செய்யும் முறை

* காரைத் தூக்கும் முன் இன்ஜினை இரண்டு, மூன்று நிமிடங்கள் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கூடாது.

* கையுறை அணிந்துகொள்ளுங்கள். மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டு, அடியில் அகலமான பாத்திரம் வைத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். முழுவதும் வடியட்டும்.

* புது வாஷருடன் போல்ட்டை மாட்டுங்கள். பலத்தையெல்லாம் காட்டி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும்.

* ஃபில்டரைக் கழற்றியதும், ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். புது ஃபில்டரின் வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள்.

* குறிப்பிட்ட அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, காரை இறக்கி, ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். எச்சரிக்கை விளக்கு அணைந்ததா, அடியில் கசிகிறதா என்று பாருங்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் அளவைப் பார்த்து, மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகமானால் ஆயில் நுரைத்து இன்ஜினைக் கெடுக்கும்.

பழைய ஆயில் என்னாவது?

சாக்கடையில் ஊற்றுவது, கரையானுக்கு மரத்தில் பூசுவது இரண்டுமே தவறு. 2016-ம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. கேனில் அடைத்து, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

வாரன்ட்டி உள்ள கார் என்றால் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுவது நல்லது. 'எனக்கு இதெல்லாம் சரிப்படாது' என்பவர்களும், மாதம் ஒருமுறை டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இன்ஜினின் ஆயுள் அதில்தான் இருக்கிறது!