டர்போ கார்கள் ஏற்றத்தில் திணறுதல்

டர்போ பொருத்திய பழைய கார்களில், சமதளத்தில் சீராக ஓடும் எஞ்சின், மேடு ஏறும்போதோ முந்திச் செல்ல ஆக்சிலேட்டரை அழுத்தும்போதோ மட்டும் விட்டுவிட்டு இழுவையை இழப்பது பரவலாகக் காணப்படும் கோளாறு ஆகும். பட்டறைகளில் இதை 'மிஸ் அடிக்கிறது', 'பிக்கப் இல்லை' என்பர். வண்டியைப் பட்டறையில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் ஒரு குறையும் தெரியாது. இதனாலேயே பழுதில்லாத டர்போவை மாற்றிப் பெருந்தொகை செலவழித்த பின்னும் திணறல் தொடர்வதுண்டு.

குத்துக்கல்வலசையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளம் செல்லும் சாலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. புளியரை வரை வழி பெரும்பாலும் சமதளம். அங்கே தெரியாத குறை, ஆரியங்காவை நோக்கி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் வெளிப்படும். சரக்கு லாரியை முந்துவதற்காக வலப்பக்கம் ஏறிய பிறகு இழுவை நின்றுபோனால், அது வெறும் எரிச்சலூட்டும் பழுதாக இராது, உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுமையில் மட்டும் ஏன்?

டர்போ என்பது எஞ்சின் வெளியேற்றும் புகையின் விசையால் சுழன்று, உள்ளே போகும் காற்றை அழுத்தித் தரும் கருவி. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய கார்களின் டர்போ நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலும். மெதுவாகச் செல்லும்போது அது தரும் அழுத்தம் மிகக் குறைவு. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால்தான் அழுத்தம் உயரும். அதற்கேற்ப எரிபொருளும் கூடுதலாக வேண்டும். காமன் ரெயில் டீசல் எஞ்சினில், சும்மா ஓடும்போது சுமார் 300 பார் அளவில் இருக்கும் எரிபொருள் அழுத்தம், முழுச் சுமையில் 1,000 பாரைத் தாண்டிவிடும். எனவே காற்று வழியிலோ எரிபொருள் வழியிலோ உள்ள சிறு குறை, தேவை உச்சத்தைத் தொடும்போதுதான் தெரியவரும். ஓட்டை விழுந்த பலூன் ஊதும்போதுதான் சீறும் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

முதலில் புகையைப் பார்த்தல்

திணறும் நேரத்தில் பின்னால் வரும் புகை நல்ல சாட்சி. டீசல் வண்டியில் கரும்புகை கிளம்பினால் எரிபொருள் இருக்கிறது, காற்று போதவில்லை என்று பொருள். புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால் பெரும்பாலும் எரிபொருள்தான் போதவில்லை. (எரிபொருளைக் கணினி தானே குறைத்துவிட்டாலும் புகை வராது; ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.)

காற்றுக் குறைவுக்கு ஏர் பில்டர் அடைப்பை அடுத்து முதலில் ஐயப்பட வேண்டியது, டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் ஹோஸ்களை. பத்துப் பதினைந்து ஆண்டு வெப்பத்தில் ரப்பர் வெடித்திருக்கும். அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். எஞ்சின் நிற்கும்போது வெடிப்பு மூடிக்கொள்வதால் கண்ணுக்குப் படாது. இணைப்பைச் சுற்றிப் படிந்த எண்ணெய் கலந்த அழுக்கும், அழுத்தும்போது கேட்கும் 'புஸ்' என்ற ஒலியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஐயம் தீர, ஹோஸின் ஒரு முனையை அடைத்து, எஞ்சின் வழக்கமாகப் பெறும் அழுத்தத்துக்கு மிகாமல் காற்றை விட்டு, சோப்பு நீர் தடவினால் குமிழி வரும். பஞ்சர் கடையில் டயரை அடித்துத் துளை தேடுவதும் இதே முறைதான்.

எரிபொருள் பக்கத்தில் மிகுதியாக அகப்படுவது டீசல் பில்டர் அடைப்பும் அதில் தேங்கிய தண்ணீரும். பில்டரின் அடியில் வடிகால் திருகு இருந்தால் சிறிது வடித்துப் பார்க்கலாம். டாங்கில் டீசல் குறைவாக இருக்கையில், செங்குத்தான ஏற்றத்தில் உறிஞ்சுகுழாயின் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுப்பதும் உண்டு. டாங்கை நிரப்பினால் திணறல் மறைகிறதா என்று பார்ப்பதே இதற்கான சோதனை. செலவே இல்லாத இதைப் பலர் செய்வதில்லை. ஓடும் எஞ்சினில் காமன் ரெயில் குழாயைத் தளர்த்தவோ, கசிவைக் கையால் தடவிப் பார்க்கவோ கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசிக்குத்துப் போலச் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாவியை அணைத்துப் போட்டால்

இழுவை சட்டென்று போய், சாவியை அணைத்து மீண்டும் போட்டதும் திரும்பி வந்தால், கணினி தற்காப்புக்காக எரிபொருளைக் குறைத்திருக்க வாய்ப்புண்டு. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி கரி படிந்து சிக்கியிருக்கலாம். அதை இயக்கும் மெல்லிய வேக்குவம் குழாய் கீறியிருக்கலாம். சென்சார் தவறான அளவைச் சொல்லியிருக்கலாம். இங்கே ஸ்கேனர் உதவும். ஆனால் அது காட்டும் பிழை எண்ணைப் பார்த்த உடனே அதற்குரிய சென்சாரை மாற்றுவது சரியான வழியன்று. மலைப்பாதையில் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் ஸ்கேனரில் கணினி கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட்டுக் கவனிக்க வேண்டும். திணறலின்போது முதலில் விழுவது காற்றழுத்தமா, ரெயில் அழுத்தமா என்பதே தேட வேண்டிய பக்கத்தைச் சொல்லும். இரண்டும் விழாமல் எஞ்சின் வெட்டினால் வயரிங்கைப் பார்க்கலாம். சுமையில் எஞ்சின் சாயும்போது, உராய்ந்து தேய்ந்த வயர் விட்டுவிட்டுத் தொடும்.

பெட்ரோல் கார்கள்

பெட்ரோல் டர்போவில் தீப்பொறியே முதல் ஐயம். காற்று இறுகும்போது பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்னழுத்தம் கூடுதலாக வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும், உறையில் மயிரிழைக் கீறல் விழுந்த காயிலும் அங்கேதான் தோற்கும். குற்றாலச் சாரல் காலத்தின் ஈரத்தில் திணறி, வெயில் காலத்தில் குணமாகிவிடும் வண்டியில் காயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் வெட்டுகிறது என்று ஸ்கேனர் காட்டினால், அதன் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மீண்டும் ஓட்டலாம். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் காரணம். மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்கலாம்.