'நைஸ்' என்றால் முட்டாள்! அழகைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களின் கதை

புதுச் சேலையைப் பார்த்தால் "நைஸ்" என்கிறார்கள். குழந்தையைக் கண்டால் "கியூட்" என்கிறார்கள். சினிமா நடிகை என்றால் "கிளாமர்"! பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர் வாயிலும் இந்த ஆங்கிலச் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன.

ஆனால், இந்தச் சொற்களுக்குப் பிறந்த காலத்தில் என்ன அர்த்தம் தெரியுமா? சிலவற்றைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு சொல்லின் கதையைக் கேட்டால் சிந்தனை வரும்.

திட்டு, பாராட்டு ஆனது

'நைஸ்' என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே அதற்கு "ஒன்றும் அறியாதவன்" என்று பொருள். பிரெஞ்சு மொழி வழியாக, சுமார் 1300-ம் ஆண்டில், அது இங்கிலாந்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஒருவரை 'நைஸ்' என்றால், முட்டாள் என்று திட்டியதாக அர்த்தம்!

பிறகு அது "எதிலும் குறை காண்பவர்" என்று மாறியது. அப்புறம் "நுணுக்கமானது" என்று ஆயிற்று. 18-ம் நூற்றாண்டில்தான் "இனிமையானது" என்ற பொருள் நிலைத்தது.

அதன் பின் எதற்கெடுத்தாலும் 'நைஸ்'தான். ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியை இதைக் கேலி செய்தார். அவர் மறைந்த சில மாதங்களுக்குப் பின், 1817 டிசம்பரில் வெளிவந்த நாவல் 'நார்தாங்கர் அபே'. அதில் ஓர் இளம்பெண், தனக்குப் பிடித்த புத்தகத்தை 'நைஸ்' என்று புகழ்கிறாள். எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தானா என்று கதாநாயகன் அவளைக் கிண்டல் செய்கிறான்.

தந்திரமும் கூர்மையும்

'பிரெட்டி' என்றால் இன்று பார்க்க இனிமையானவள் என்று பொருள். பழைய ஆங்கிலத்திலோ அதற்குத் "தந்திரம் மிக்க" என்று பொருள்! தந்திரம் திறமை ஆகி, திறமை நேர்த்தி ஆகி, நேர்த்தி அழகு ஆகிவிட்டது. சிறுமிக்கும், சின்னப் பூவுக்கும், பூப்போட்ட கவுனுக்கும் இந்தச் சொல் பொருந்தும். மீசை முளைத்த வாலிபனை 'பிரெட்டி' என்றால் அவன் முகம் சுளிப்பான்.

'கியூட்' என்ற சொல்லும் அப்படித்தான். "கூர்மையான" என்று பொருள்படும் 'அக்யூட்' என்ற சொல்லின் தலையை வெட்டிச் செய்த சொல் அது. முதலில் கெட்டிக்காரனைத்தான் 'கியூட்' என்றார்கள். பிறகு அமெரிக்காவில் அது சிங்காரக் குழந்தைக்கு உரிய சொல்லாயிற்று.

கையில் பிறந்த சொல்

'ஹாண்ட்' என்றால் கை. அதிலிருந்து வந்ததுதான் 'ஹாண்ட்சம்'. "கையாள வசதியானது" என்பதே அதன் முதல் பொருள். பிறகு "பொருத்தமானது", "தாராளமானது" என்றெல்லாம் வளர்ந்து, தோற்றத்துக்கும் வந்தது. நல்ல சம்பளத்தை இன்றும் 'ஹாண்ட்சம்' என்பது இதனால்தான்.

இந்தச் சொல் ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கம்பீரமான பெண்ணையும் அப்படிச் சொல்லலாம். 1815-ம் ஆண்டு வெளிவந்த 'எம்மா' நாவலில், ஜேன் ஆஸ்டின் தம் கதாநாயகியை இந்தச் சொல்லைக் கொண்டுதான் முதலில் அறிமுகம் செய்கிறார்.

படிப்பே மாயம்!

'கிளாமர்' கதை எல்லாவற்றையும் விட வேடிக்கையானது. அதன் தாய்ச் சொல் 'கிராமர்', அதாவது இலக்கணம்! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வமாக இருந்த காலம் அது. புத்தகமும் கையுமாக இருப்பவரைக் கண்டால், மந்திர தந்திரம் தெரிந்தவரோ என்று பாமர மக்கள் பயந்தார்கள். ஸ்காட்லாந்து மக்கள் நாக்கில் 'கிராமர்' என்பது 'கிளாமர்' ஆயிற்று. "கண்கட்டு வித்தை" என்பது அதன் பொருள்.

சர் வால்டர் ஸ்காட் 1805-ம் ஆண்டு வெளியிட்ட 'தி லே ஆஃப் தி லாஸ்ட் மின்ஸ்ட்ரல்' என்ற காவியத்தில் இந்தச் சொல்லைக் கையாண்டார். அவரால் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. பின்னாளில் சினிமா உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. விளக்கொளியும் ஒப்பனையும் சேர்ந்து செய்யும் வேலைக்கு, கண்கட்டு வித்தை பொருத்தமான பெயர்தானே!

பணம் வேண்டாம், தேர்வு வேண்டும்

'எலிகண்ட்' என்ற சொல்லின் வேருக்கு "தேர்ந்தெடுத்தல்" என்று பொருள். பெட்டி நிறைய நகை இருந்தும், பொருத்தமான ஒன்றை மட்டும் அணிபவர் 'எலிகண்ட்'. கஞ்சி போட்டுத் தேய்த்த கைத்தறிச் சேலை 'எலிகண்ட்'. ஜரிகை ஜொலிக்கும் கல்யாணப் பட்டு 'கார்ஜியஸ்'. ஒன்றில் அடக்கம், மற்றதில் ஆடம்பரம். நாலு பக்கக் கணக்கை நாலே வரியில் முடித்தால், கணித அறிஞர்கள் அதையும் 'எலிகண்ட்' என்று பாராட்டுவார்கள்.

நிறம் எப்படி நுழைந்தது?

இனி, சிந்திக்க வைக்கும் சொல்லுக்கு வருவோம். அதுதான் 'ஃபேர்'.

1066-ல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்கள் மொழி வழியாக 'பியூட்டி' வந்தது. அதோடு 'ஃபுல்' என்ற ஒட்டுச் சேர்ந்து, 15-ம் நூற்றாண்டில் 'பியூட்டிஃபுல்' உண்டாயிற்று. அதற்கெல்லாம் முன்பே ஆங்கிலேயர் அழகுக்குச் சொன்ன சொல் 'ஃபேர்'. மனிதரும் 'ஃபேர்', ஊரும் 'ஃபேர்', பொருளும் 'ஃபேர்'. அதில் நிறத்துக்கு இடமில்லை. வெளுத்த நிறம் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

ஷேக்ஸ்பியருக்கே இது உறுத்தியது போலும். 1609-ல் நூலாக வந்த அவருடைய 154 சிறு பாடல்களில் பல, ஒரு கருநிறப் பெண்ணைப் பற்றியவை. 'ஃபேர்' என்ற சொல்லின் இரு பொருளையும் வைத்து அவற்றில் அவர் விளையாடினார்.

இந்தியாவில் அந்தச் சொல் விளையாட்டாக இல்லை. 'மணமகள் தேவை' என்ற ஆங்கில விளம்பரங்களில் 'ஃபேர்' என்ற நிபந்தனை இடம்பெற்றது. மாநிறப் பெண்களின் மனம் நொந்தது. 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சும் கடைக்கு வந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. 2009-ல் சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு, "கறுப்பும் அழகே" என்ற கருத்தில் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2020-ல் அந்த முகப்பூச்சின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றப்பட்டது. 'ஃபேர்' போயிற்று; 'லவ்லி' நின்றது. 'லவ்லி' என்றால் என்ன? "அன்புக்கு உரியது" என்பது அதன் பழைய பொருள்!

கை, கூர்மை, திறமை, தேர்வு, அன்பு: இவற்றிலிருந்துதான் ஆங்கிலத்தின் அழகுச் சொற்கள் பிறந்தன. தோலின் நிறத்திலிருந்து அல்ல. வீட்டில் ஒரு பெண் குழந்தையைப் பாராட்ட ஆங்கிலச் சொல் தேடுகிறவர்களுக்கு இத்தனை நல்ல சொற்கள் இருக்கின்றன. 'ஃபேர்' என்ற சொல்லுக்கும் ஓர் உயர்ந்த பொருள் இருக்கிறது. அது "நியாயம்". அழகை நிறத்தால் அளப்பது மட்டும் நியாயம் ஆகாது.